எல்லாக் கட்டிலிலும் உட்கார்ந்தவர்

பெரிய சிஸ்டர் என்னிடம் முதன்முதலில் பேசிய பேச்சை இத்தனை வயதாகியும் என் மருமகளிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லத்தான் போகிறேன். சிரிக்கக் கூடாது.

அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த வாரம் அது. மண்ணூர்பேட்டையில் தொழிற்சாலை எஸ்டேட் சுவரை ஒட்டி இருந்த சின்ன தர்ம ஆஸ்பத்திரி. நான் அங்கே பெண்கள் வார்டில் ஆயா. தரை துடைப்பது, பெட்பேன் கழுவுவது, துணி அலசுவது, பிறந்ததைத் துடைப்பது, செத்ததைத் துடைப்பது எல்லாம் நாங்கள்தான். புதிதாக வந்த அம்மா ஆயாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார் என்றதும், ஊர் பேர் விசாரிப்பார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார் என நினைத்துக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு போய் நின்றேன். கட்டுப் போடும் அறையில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். கீழே எரிச்சல் உண்டா, வெள்ளை படுகிறதா, வாடை அடிக்கிறதா, வீட்டுக்காரருக்கு அந்த இடத்தில் எப்போதாவது புண் வந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். மளிகைக் கடைக்காரர் உளுந்து வேண்டுமா, கடுகு வேண்டுமா என்று கேட்பாரே, அந்தக் குரலில்.

எனக்கு இரண்டு காதும் சுட்டது. பிள்ளை பெற்றபோது மருத்துவச்சிகூட இப்படிக் கேட்டதில்லை.

“இன்னா சிஸ்டர், என்னியப் பாத்தா அந்த மாரி பொம்பளையாட்டமா கீது?” என்றேன்.

“பாத்துக் கேக்கல மக்ளே. பாக்காமத்தான் கேக்கேன். எல்லார்ட்டயும் இதையேதான் கேப்பேன். நாளைக்கு எங்க அம்மை வந்து படுத்தாலும் கேப்பேன்.”

வெளியே வந்தபோது பட்டம்மா நின்றிருந்தாள். அவளும் ஆயா, என்னைவிட மூத்தவள், வாய் ஜாஸ்தி. என்ன கேட்டார் என்றாள். ஊர் பேர் கேட்டார் என்றேன். அவள் உள்ளே போனாள், முகம் கறுத்து வெளியே வந்தாள். உன்னை என்ன கேட்டார் என்றேன். ஊர் பேர்தான் என்றாள். அன்றைக்கு எங்கள் எல்லோரையும் ஊர் பேர் கேட்டுவிட்டார் அந்த அம்மா. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து பட்டம்மா ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு முந்தானையால் மறைத்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். நான் ஏன் அதைப் பார்க்கும்படி அங்கே நின்றேன் என்று கேட்காதீர்கள். நானும் தண்ணீர் குடிக்கத்தான் போயிருந்தேன்.

அவருக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. ஆவடியிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைப் புடவை, ஆம்பிளை கட்டுகிற பெரிய கடிகாரம், ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்கும் அதே குடை, மழைக்கும் அதே குடை, ஆஸ்பத்திரி வாசலில் படுக்கிற மாட்டைத் தள்ளிவிடவும் அதே குடை. எல்லோரையும், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி, மக்ளே என்பார். தொண்ணூறு கிலோ பெண்மணியையும் மக்ளே, பல் போன கிழவியையும் மக்ளே. முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் வாயிலும் அது தொற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரரை ஒருநாள் மக்ளே என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். அது வேறு கதை. பெரிய சிஸ்டருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். என் பெரியவன் எஸ்டேட்டில் லேத்து ஓட்டச் சேர்ந்திருந்த சமயம். அப்போது எய்ட்ஸ் என்றால் சொல்லவே வாய் வராது. சுவரில் மண்டை ஓடு வரைந்து எழுதி வைத்திருப்பார்கள். எழுத்து தெரியாத எனக்கும் மண்டை ஓடு புரியும். கொசு கடித்தால் வரும், ஒரே டம்ளரில் குடித்தால் வரும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரிய நர்ஸிங்ஹோம்களில் அந்த மாதிரி நோயாளி என்று தெரிந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அனுப்பமாட்டார்கள். கட்டில் காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். படிக்கத் தெரியாத ஆயாக்களுக்காக வந்த ஏற்பாடு அது. துணி கட்டிய கட்டிலுக்கு மட்டும் கிளவுஸ் போடுவோம், பெட்பேனைத் தனியாக வைப்போம், சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளுவோம். தள்ளினோம்தான். அந்தத் துணி எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்தது பக்கத்துக் கட்டில்காரிக்கும் தெரியாமல் இருக்குமா? அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இருப்பாளா? அந்தக் கட்டிலில் படுத்தவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருப்பார்கள். வார்டுக்குள் நுழைந்தால் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும்.

பெரிய சிஸ்டர் ஏதோ பயிற்சி என்று போய்விட்டு, ஒரு தடிப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். இந்த நோயாளிகளை எப்படிப் பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்று அதில் முறை எழுதியிருக்கிறதாம். வந்த அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு கட்டில் காலிலும் இருந்த சிவப்புத் துணியை வெட்டினார்.

பட்டம்மா சண்டைக்குப் போனாள். துணி இல்லையென்றால் யாருக்கு அந்த நோய் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது, எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே என்றாள். நியாயம்தானே. நாங்களும் பின்னால் போய் நின்றோம்.

“துணி கட்டாத கட்டில்ல கெடக்கவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டார் பெரிய சிஸ்டர். “யாருக்குன்னு ஒனக்குத் தெரிய வேண்டாம் மக்ளே. எல்லாருக்கும் இருக்குன்னு நெனச்சு வேலையச் செய்யி. யாருக்கும் இல்லைன்னு நெனச்சுப் பேசு.”

அன்றிலிருந்து எல்லாக் கட்டிலுக்கும் கிளவுஸ். எல்லாத் துணியும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறிய பிறகுதான் அலச வேண்டும். இந்தக் காலம் மாதிரி போட்டுத் தூக்கி எறிகிற கிளவுஸ் இல்லை அது. ரப்பர். கழுவிக் கழுவிப் போடுவது. கழுவி, அதற்குள் காற்றைப் பிடித்து வாய்ப்பக்கம் முறுக்கி, தண்ணீருக்குள் அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை, தூக்கிப் போடு. வராவிட்டால் கொடியில் மாட்டிக் காயவைத்து பவுடர் தூவ வேண்டும். முன்பு கொடியில் நாலைந்து தொங்கும். இப்போது சுவரிலிருந்து சுவர்வரை தொங்கியது. காற்றடித்தால் எஸ்டேட் யூனியன் கூட்டத்தில் கை தூக்குவது மாதிரி அத்தனையும் ஆடும். என் கையெல்லாம் பிளீச்சிங் வாடை. நான் பிசைந்த சோற்றை என் வீட்டுக்காரர் தொடமாட்டேன் என்றார். நல்லதாகப் போயிற்று என்று அவரையே பிசையச் சொன்னேன்.

ரத்தம் எடுப்பதிலும் அவருக்கு அதே முறைதான். முன்பெல்லாம் கையை நீட்டச் சொல்வார்கள், குத்துவார்கள், எதற்கு என்று சொல்லமாட்டார்கள். இவர் ஒவ்வொருத்தியையும் தனியாக அழைத்துப் போய், இந்த ரத்தத்தில் இதையும் பார்க்கப் போகிறோம், சம்மதமா என்று கேட்பார். ஒருத்தி வேண்டாம் என்றாள். சரி மக்ளே என்று பஞ்சை ஓரமாக வைத்துவிட்டார். ஆபீஸில் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். கேட்காமல் எடுக்கக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, கேட்டேன், அவள் வேண்டாம் என்றாள் என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி கை கழுவினார். அவர் கை கழுவுவதைப் பார்க்க வேண்டும். முழங்கைவரை, விரல் இடுக்கு விடாமல், வஞ்சிரம் மீனைத் தேய்த்துக் கழுவுவது மாதிரி கழுவுவார்.

எங்கே விட்டேன்? செல்வியிடம் வர வேண்டும். அவளிடம் வராமல் கிளவுஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

செல்வி கர்ப்பமாக வந்தாள். ரத்தம் குறைவு, கால் வீக்கம், சில நாள் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சேர்த்துக்கொண்டார். புருஷன் செத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பெயிண்ட் அடிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவன். இருமி இருமி இளைத்துப் போனான், டிபி என்றார்கள். தாய் வீடு என்று ஒன்று இல்லை. மாமியார் வீடுதான், மண்ணூர்பேட்டையிலேயே ஒற்றை அறை. மாமியார் மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். நல்ல வாட்டசாட்டம். மகனைப் பறிகொடுத்த கோபத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். உன் மகனுக்கு இருந்தது டிபி இல்லை, அந்த நோய்தான், உன் மருமகளுக்கும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், வயிற்றுப் பிள்ளையோடு அவளைத் தெருவில் விட்டுவிடுவாள். எம்புள்ளைய முழுங்கிட்டா என்று ஏற்கெனவே ஒருதரம் சாவு வீட்டில் கத்தியிருக்கிறாள்.

செல்வியைத் தனியாக அழைத்துப் போய், கேட்டு, ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒருநாள் கட்டுப் போடும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி ஏதோ சொன்னார் பெரிய சிஸ்டர். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார். ஒன்றும் இல்லை என்பதையும் கதவைச் சாத்தித்தான் சொல்வார். ஆகவே அதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து செல்வி சாப்பிடவில்லை. பெரிய சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தார். தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். தன் காபியில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, அவள் வைத்த மிச்சத்தைத் தானே குடித்தார். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும்.

அவர் வேறு எந்தக் கட்டிலிலும் உட்கார்ந்ததே இல்லை. நின்றபடி பேசுவார், நின்றபடி ஊசி போடுவார், அடுத்த கட்டிலுக்குப் போவார். வார்டுக்கு வேறு என்ன வேலை? படுத்துக்கொண்டு பார்ப்பதுதான் வேலை. முதலில் எதிர்க் கட்டில்காரி தன் டம்ளரை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு கட்டில் கேட்டாள். பிளாஸ்கிலிருந்து செல்விக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் பிளாஸ்க் ஒழுகுகிறது என்றாள். சிவப்புத் துணியை வெட்டிப் போட்டாயிற்று. இப்போது வெள்ளைப் புடவை போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தது.

பார்வையாளர் நேரத்தில் மாமியார் வந்தாள். அவள் பையைக் கீழே வைப்பதற்குள் எதிர்க் கட்டில்காரி, உன் மருமகளுக்கு என்னவென்று சொன்னார்கள், அந்த சிஸ்டரம்மா அவளைவிட்டு நகருவதே இல்லையே என்று கேட்டாள். மாமியார் செல்வியைப் பார்த்தாள். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் கொண்டுவந்த சோற்றைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை நான் துடைப்பத்தோடு போனபோது கட்டில் காலி. போர்வையை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

பெரிய சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். யார் சொன்னது, எப்படி வெளியே தெரிந்தது என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பட்டம்மாதான் வாயைத் திறந்தாள்.

“யாரும் சொல்லல சிஸ்டர். நீங்க அந்தக் கட்டில்ல மட்டும்தான உக்காந்துகினு இருந்தீங்க. எல்லாரும் புரிஞ்சிகினாங்க.”

நான் நிறையப் பேர் வெட்கப்பட்டுப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையே அடுத்தவர் வெட்கத்தை அள்ளிக் கொட்டுகிற வேலைதான். ஆனால் ஒரு பெரிய மனுஷி ஆயாக்களுக்கு முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துகொண்டே போனது. கோபம் வந்திருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நானே காட்டிக் குடுத்திருக்கேன் என்று மெதுவாகச் சொன்னார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். கழுவி முடித்து, துடைத்து, மறுபடி கழுவினார். அன்றைக்கு எங்கள் யாரையும் மக்ளே என்று கூப்பிடவில்லை. எங்களுக்கும் தலை குனிந்துதான் இருந்தது. அவருக்காக வெட்கப்பட்டோமா, எங்களுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் வார்டுக்கு வந்தவர் முதல் கட்டிலில் உட்கார்ந்தார். அதில் படுத்திருந்தவள் சண்டைக்காரி, பித்தப்பையில் கல். எனக்கு இன்னா சீக்கு, எங்கிட்ட எதுக்கு வந்து உக்கார்றீங்க என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எல்லார்ட்டயும் உக்காருவேன் என்றார். இரண்டாவது கட்டிலில் உட்கார்ந்தார். மூன்றாவது கட்டிலில் உட்கார்ந்தார். ஒவ்வொருத்தியிடமும் தூங்கினாயா, சாப்பிட்டாயா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரே கேள்வி. ஒவ்வொருத்தி கையையும் பிடிப்பார். அவர் முகம் இறுகித்தான் இருக்கும். ஆசைப்பட்டு உட்கார்ந்தது செல்வி பக்கத்தில். மற்றவர்களிடம் தண்டனை அனுபவிப்பது மாதிரி உட்கார்ந்தார். இருந்தாலும் சில வாரத்தில் பித்தப்பைக்காரியே, இன்னிக்கு எங்கிட்ட கொஞ்சமாத்தான் உக்காந்தீங்க என்று மூக்கைச் சிந்தினாள்.

செல்வி வரவில்லை. நாள் நெருங்கியது. வீட்டில் வைத்துப் பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகிறாள் என்று மார்க்கெட்டில் கேள்விப்பட்டு வந்து சொன்னேன். ரத்தம் இல்லாத உடம்பு. ஏதாவது ஆனால் தாயும் போய்விடும், பிள்ளையும் போய்விடும். போய்க் கூப்பிட்டுவிட்டு வந்துவிடலாமே சிஸ்டர், அடுத்த தெருதானே என்றேன்.

“வெள்ளைச் சேலை கட்டிட்டு நேரா அந்த வீட்டுக்குப் போனா, பழைய கத மறுபடியும்ல. ஒரு வீட்டுக்குப் போகணும்னா தெரு முழுக்கப் போகணும்.”

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். லீவு நாளில் குடையோடு வந்து நின்றார். பெண்கள் உடம்பு விசாரிக்க வந்திருக்கிறோம் என்று தெருவின் முதல் வீட்டில் ஆரம்பித்தோம். நல்ல கத்திரி வெயில். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கருவாடு வாங்கப் போகிற வழி, குழாய்ச் சண்டை போட்ட வழி, எல்லாம் தெரிந்த முகம். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூத்தவளில் ஆரம்பித்து இளையவள்வரை, அதே கேள்விகளை அதே உளுந்து கடுகுக் குரலில் கேட்பார். நான் வாசலில் நின்று ஆம்பிளைகளையும் பிள்ளைகளையும் விரட்ட வேண்டும். உள்ளே என்ன கேக்கறாங்க என்று ஒரு பெரியவர் கேட்டார். ஊர் பேர் என்றேன். அறுபது வருஷமா எங்கூடக் கீறா, அவ ஊரு பேரு என்னியக் கேட்டாலே சொல்லுவனே என்றார்.

ஒரு வீட்டில் எங்களை வெளியே தள்ளி வாசல்படியைக் கழுவிவிட்டார்கள். ஒரு வீட்டில் மாமியார், மருமகள், நாத்தனார் மூன்று பேரும் தனித்தனியாக அழுதுவிட்டு, ஒன்றாக வந்து எங்களை வழியனுப்பினார்கள். எந்தத் தெருவிலும் இப்படித்தான் இருக்கும்போல. எல்லாருக்கும் ஏதோ ஒன்று, எல்லாரும் வருஷக்கணக்காக மூடி வைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் பெரிய சிஸ்டர் அவர்கள் கொடுத்த தண்ணீரை அவர்கள் டம்ளரிலேயே வாய் வைத்துக் குடித்தார். செல்வி வீட்டில் குடிக்கப் போகிறார், ஆகவே எல்லா வீட்டிலும் குடித்தாக வேண்டும். பாதித் தெருவிலேயே வயிறு முட்டி, ஒரு வீட்டில் கக்கூஸ் கேட்டுப் போனார். அதுவும் கேவலமாகத்தான் இருந்தது.

செல்வி வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தாள். நாங்கள் வருவதை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். செல்வி பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குக் கதவு இல்லை, சாக்குப் படுதாதான். பெரிய சிஸ்டர் மூத்தவளை முதலில் உள்ளே அழைத்துப் போனார். நான் வெளியே படுதாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையால் படுதாவைப் பிடித்தேன், காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாமியார் எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று வெட்டி வெட்டிப் பதில் சொன்னாள். அப்புறம் அந்தக் கருவாட்டுக்காரியின் குரல் வந்தது. மார்க்கெட்டில் இந்தக் கோடியில் கத்தினால் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல், அன்றைக்குப் படுதாவரைக்கும்தான் வந்தது.

“கீழ எறங்கிப் போச்சி சிஸ்டரம்மா. கூடையத் தூக்கித் தூக்கி, வெளியவே வந்துடுச்சி. துணிய வச்சி இறுக்கிக் கட்டிகினு கீறேன். எம்புள்ள பொறந்ததுலேர்ந்து இதே கதிதான். அவங்கப்பனுக்கே தெரியாது.”

இதற்கு வைத்தியம் உண்டு, வந்தால் சரி பண்ணலாம் என்றார் பெரிய சிஸ்டர். கர்ப்பப்பை இறங்குவது எத்தனையோ பேருக்கு உள்ளதுதான் என்றார். மாமியார் மூக்கை உறிஞ்சினாள்.

“அத்த வுடு. இப்போ சொல்லு. எம்மருமவளுக்கு அந்தச் சீக்குதான?”

“பின்னாடி இருக்க ஒங்க மருமககிட்ட போய் ஒங்களுக்கு இருக்கதைச் சொல்லட்டுமா?”

“ஐயோ வேணாம் தாயி. மானம் போயிடும். நாண்டுகினு சாவணும்.”

“சொல்ல மாட்டேன். அவளப் பத்தி ஒங்கள்ட்டயும் அப்படித்தான். அவ வாயத் தொறந்து சொன்னா உண்டு. நான் சொல்ல மாட்டேன்.”

மாமியார் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரிய சிஸ்டர் குடித்தார். பின்பக்கம் போய்ச் செல்வியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். வலி எடுத்தால் வந்துவிடு, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று எல்லா வீட்டிலும் சொன்னதையே சொன்னார். செல்வி பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வந்த வேலை முடிந்தது, போகலாம் என்று குடையை விரித்தேன். பெரிய சிஸ்டர் அடுத்த வீட்டுக்கு ஏறினார். இங்கே நிறுத்தினால் இந்த வீட்டுக்குத்தான் வந்தோம் என்று தெரிந்துவிடுமாம். தெருக் கடைசிவரை அதே கேள்வி, அதே தண்ணீர். எனக்கு ஒரு வாரம் கால் வலி.

செல்விக்கு அந்த நோய் இருந்ததா என்று என்னைக் கேட்டால், இருந்திருக்கும் என்று வார்டு முடிவு கட்டியது, அவ்வளவுதான். உறுதியாக எனக்கு இன்றைக்கும் தெரியாது. நானும் ஒருதரம் நைசாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். போய்க் கிளவுஸைக் கழுவு மக்ளே என்றார்.

ஒருநாள் மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. செல்வி இறங்கினாள், பின்னாலேயே மாமியார். ஆட்டோவுக்குள்ளிருந்து கருவாட்டு வாடையும் சேர்ந்து இறங்கியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது, வார்டிலேயே படுக்கட்டும் என்றார். காலியாக இருந்தது ஜன்னலோரக் கடைசிக் கட்டில்தான். அதில் படுக்கவைத்தேன். பெரிய சிஸ்டர் அப்போதுதான் முதல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முந்தி இருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் திரும்ப வந்து படுத்திருந்தார்கள். செல்வியைப் பார்த்ததும் அவர்கள் கண்ணெல்லாம் அவள்மேல் இல்லை. இந்த அம்மா எங்கே போய் உட்காருகிறார் என்று அவர்மேல்தான்.

வலி ஏறியது. செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தாங்க முடியாமல், சிஸ்டர் என்று கூப்பிட்டுக் கையை நீட்டினாள். பெரிய சிஸ்டர் அப்போது வார்டின் நடுவே மூலநோய்க்காரி ஒருத்தியின் கட்டிலில் இருந்தார். எழுந்துவிட்டார். பாதி எழுந்தவரை நான் பார்த்தேன். பிறகு திரும்ப உட்கார்ந்தார். அந்த மூலக்காரியிடம் சாப்பிட்டியா மக்ளே என்று கேட்டார். அவள் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்த கேள்வி அது. அவர் கையைப் பார்த்தேன். போர்வையைப் பிடித்திருந்தது.

செல்வியின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. மாமியார் சுவரோரம் துணிப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். வார்டைப் பார்த்தாள். பையைத் தரையில் வைத்தாள். தன் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாத்துக்குடி அவங்களக் கூப்புட்ற? நான் கீறேன்ல.”

பெரிய சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார்.